கூழைக்கும்பிடு: பணிவின் மிகையா, குறையா?



தஞ்சோங் பகாரில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். அவ்வகுப்பில் படிக்கும் உயர்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஏதோ ஒரு சொற்பட்டியலில் 'கூழைக்கும்பிடு' என்னும் சொல்லைப் படித்திருக்கிறான். அதற்கு 'அளவுக்கு மீறிய பணிவு' என்று பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த சில நாள்களில் வீட்டுக்கு வந்த முதியவர்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லுமாறு பாட்டி கூறியபோது, "கூழைக்கும்பிடெல்லாம் நான் போடமாட்டேன், பாட்டி" என்று சொல்லிவிட்டானாம். அவனுடைய தாயார் என்னிடம் வந்து, "ஐயா, தமிழ் படித்தால் மரியாதை வளரும் என்று நினைத்து அனுப்பினேன். இருந்த மரியாதையும் போய்விடும் போலிருக்கிறதே!" என்றார்.

அந்த மாணவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் படித்த பொருளின்படி அவன் நடந்துகொண்டது சரிதான். பணிவு அளவை மீறினால் இழிவு என்றால், அந்த அளவு எது? பத்துப் பாகையில் தலை குனிந்தால் பணிவு, முப்பது பாகையில் குனிந்தால் கூழைக்கும்பிடா? அளவு தெரியாத இடத்தில், குனியாமலே இருந்துவிடுவது பாதுகாப்பு என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை முடிவு செய்வதில் வியப்பில்லை.

பிழை அந்தப் பொருள் விளக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கூழைக்கும்பிடு என்பது பணிவின் மிகுதி அன்று, பணிவின் குறை. இதை நாம் தெளிவாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், நம் பிள்ளைகள் ஒன்று வணங்க மறுப்பார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். இரண்டுமே தமிழ்ப் பண்பு ஆகா.

முதலில் சொல்லைப் பார்ப்போம்.

மாணவர்கள் இச்சொல்லைக் 'கூலைக்கும்பிடு' என்றும் 'கூளைக்கும்பிடு' என்றும் எழுதுகிறார்கள். சிறப்பு ழகரமே சரி. இன்னும் சிலர் 'கூழைக் கும்பிடு' என்று இரண்டாகப் பிரித்துக் 'கூழுக்காகக் கும்பிடுவது' என்று பொருள் சொல்கிறார்கள். கூழ் என்பதோடு ஐ உருபு சேர்ந்தால் கூழை. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும். எனவே 'கூழைக் குடி' என்பதுபோலக் 'கூழைக் கும்பிடு' என்றும் இலக்கணப்படி ஒரு தொடர் அமையக்கூடும். ஆனால் அது கூழையே கும்பிடச் சொல்லும் கட்டளையாகிவிடும்! நாம் பேசும் சொல் அது அன்று.

இங்கே 'கூழை' என்பது தனிச்சொல். குட்டையானது, குறைபட்டது என்பது அதன் பொருள். முழு நீளம் இல்லாமல் நின்றுபோனதைக் கூழை என்பர். கூழை + கும்பிடு = கூழைக்கும்பிடு; இது பண்புத்தொகை. குறைபட்ட கும்பிடு என்பதே நேர்ப்பொருள்.

யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர்களுக்கு இச்சொல் புதிதன்று. நான்கு சீர் கொண்ட அளவடியில் நான்கு சீரிலும் மோனை வந்தால் முற்றுமோனை. முதல் மூன்று சீர்களில் வந்து, நான்காம் சீரில் வராமல் நின்றுவிட்டால் அது கூழைமோனை. எதுகைக்கும் இப்படியே. இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கை கூப்பியிருக்கிறது; தலை குனிந்திருக்கிறது; இடுப்பு வளைந்திருக்கிறது. மூன்றும் சரியாக அமைந்துவிட்டன. நான்காவதாக வரவேண்டிய மனம் வரவில்லை. அதுதான் கூழைக்கும்பிடு.

இப்படிப் பொருள் கொண்டால் 'எவ்வளவு குனியலாம்' என்ற கேள்வியே எழாது. பாட்டியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாலும் மனம் உடன் இருந்தால் அது முழுக்கும்பிடு. மேலாளரைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தாலும், உள்ளே மதிப்பின்றி ஆதாயக் கணக்கு மட்டும் ஓடினால் அது கூழைக்கும்பிடு. வளைவைப் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. உள்ளத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, இதற்குப் பக்கத்தில் உள்ள சொற்களையும் பிரித்துக் காட்ட வேண்டும். தேர்வுத்தாளில் எல்லாவற்றையும் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அடுக்கிவிடுகிறோம். அவை ஒன்றல்ல.

'ஐஸ் வைப்பது', 'சோப்புப் போடுவது' இரண்டும் பேச்சுவழக்கு. கைப்பேசி வாங்கித் தரச்சொல்லி அம்மாவின் சமையலைப் புகழும் பிள்ளை ஐஸ் வைக்கிறான். அதில் இழிவு இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். 'காக்காய் பிடிப்பது' அதைவிடச் சற்றுக் கடுமை. 'ஜால்ரா' போடுவதற்கு வேறொருவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் தாளத்துக்கு இவர் ஒலி எழுப்புவார். 'ஆமாஞ்சாமி' என்பது சொந்தக் கருத்தே இல்லாதவரைக் குறிக்கும். 'அடிவருடி' என்பது வசை. நம் ஊரில் எல்லா இனத்தாரும் சொல்லும் 'வாயாங்' என்னும் மலாய்ச் சொல்லும் உண்டு. கூத்து, நாடகம் என்பது அதன் பொருள். மேலதிகாரி வரும்போது மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்வதுபோல் காட்டுவதை அப்படிச் சொல்கிறோம்.

இவற்றில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் அறியவேண்டும். ஆமாஞ்சாமி, அடிவருடி ஆகியவை ஆளைக் குறிப்பவை. கூழைக்கும்பிடு செயலைக் குறிப்பது. 'அவன் ஒரு கூழைக்கும்பிடு' என்று எழுதினால் தவறு. 'கூழைக்கும்பிடு போட்டான்' என்பதே வழக்கு. ஒரு செயலை இன்று செய்தவர் நாளை செய்யாமல் விடலாம். ஆளின்மீது ஒட்டிய பெயரோ எளிதில் போகாது. பிள்ளைகளுக்குக் கண்டனச் சொற்களைக் கற்பிக்கும்போது ஆளைச் சுடும் சொல்லைவிடச் செயலைச் சுட்டும் சொல்லே மேலானது. அவ்வகையில் இது பயனுள்ள சொல்.

வள்ளுவர் இச்சொல்லை ஆளவில்லை. ஆனால் பொருளை நன்றாகவே அறிந்திருக்கிறார். 'கூடா நட்பு' அதிகாரத்தில், பகைவரின் வணக்கத்தை நம்பாதே என்கிறார். வில் வளைகிறது என்றால் அது பணிவு அன்று, அம்பு வரப்போகிறது என்பது அதன் குறிப்பு என்று விளக்குகிறார். தொழுத கைக்குள்ளேயே ஆயுதம் ஒளிந்திருக்கலாம் என்றும் எச்சரிக்கிறார். வளைவு வேறு, பணிவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

'மானம்' அதிகாரத்தில் அவர் சொல்வது இன்னும் ஆழமானது. செல்வம் பெருகியிருக்கும்போது பணிவு வேண்டும். அது சுருங்கிய காலத்தில் உயர்வு வேண்டும் என்கிறார். கூழைக்கும்பிடு போடுபவர் செய்வது இதற்கு நேர்மாறு. தமக்கு வேண்டியது கிடைக்கும்வரை வளைவார். கிடைத்த மறுநாளே நிமிர்ந்து, தமக்குக் கீழே இருப்பவரை வளையச் சொல்வார். மேலே வளைபவரும் கீழே மிதிப்பவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பதைப் பணியிடங்களில் நாம் பார்த்ததில்லையா?

பணிவும் தன்மானமும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணும் மாணவர்களுக்குத் திருநாவுக்கரசரைச் சொல்லலாம். கையில் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர் அவர். அதைவிட எளிய பணி ஏது? அவரே பல்லவ மன்னனின் ஆணைக்கு வரமுடியாது என்று மறுத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அப்பதிகத்துக்கு 'மறுமாற்றத் திருத்தாண்டகம்' என்றே பெயர். புல் செதுக்கக் குனிந்த அதே முதுகுதான் அரசன்முன் வளைய மறுத்தது.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடிய புலவர். இளவெளிமான் தகுதி அறியாமல் சிறிது கொடுத்தபோது வாங்க மறுத்துச் சென்றார். குமணனிடம் யானையைப் பரிசாகப் பெற்று, திரும்பி வந்து, இளவெளிமானின் காவல்மரத்தில் அதைக் கட்டிக் காட்டினார். இரப்பவருக்கும் நிமிர்வு உண்டு என்பதற்கு இது சான்று. அதற்காகப் புரவலரைப் புகழ்வதெல்லாம் கூழைக்கும்பிடு என்றும் சொல்லிவிடக் கூடாது. உமறுப் புலவரைச் சீதக்காதி ஆதரித்தார். அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். சீறாப்புராணத்தில் அபுல் காசிமைப் புலவர் நன்றியோடு போற்றுகிறார். பெற்ற உதவியை மறவாமல் சொல்வது நன்றி. பெறப்போகும் உதவிக்காக இல்லாததைச் சொல்வதுதான் நாம் பேசும் குற்றம்.

உமறுப் புலவர் பெயரைச் சொன்னதும் தஞ்சோங் பகார்வாசிகள் பலருக்கு ஒரு பள்ளி நினைவுக்கு வரும். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ஆம் ஆண்டில் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி இவ்வட்டாரத்தில்தான் இயங்கியது. உயர்நிலைக் கல்வியையும் தமிழில் தந்த அப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று அப்பெயரை பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கிறது. துறைமுகத்தை அண்டி வாழ்ந்த எளிய மக்கள், தங்கள் பிள்ளைகள் தங்களைப்போல் வளைந்து நிற்கவேண்டாம் என்று எண்ணிக் காசு சேர்த்து வளர்த்த பள்ளிகள் இத்தகையவை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 'நம் முன்னோர் வெள்ளைக்காரத் துரைக்குக் கூழைக்கும்பிடு போட்டவர்கள்தாமே' என்று சிலர் எளிதாகப் பேசிவிடுகிறார்கள். அது தவறு.

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-இல் உருவானது. 1905-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1913-இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் ஆயிற்று. அந்தத் துறைகளில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். 'கூலி' என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் ஒரு மனிதரைக் குறிக்கும் இழிபெயராக மாறிய காலம் அது. அன்றைய கூலியை அன்றே பெற்று அன்றே உண்ணவேண்டிய ஒருவர், மேற்பார்வையாளரின் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை நாம் எப்படிக் கூழைக்கும்பிடு என்று சொல்வது? அங்கே ஆதாயக் கணக்கு இல்லை, பசி இருந்தது. அச்சத்தால் வளைவதும் ஆசையால் வளைவதும் ஒன்றாகா. முன்னதற்குப் பெயர் அடக்குமுறை. அதில் குற்றவாளி வளைந்தவர் அல்லர், வளைத்தவர்.

வளைந்திருந்த முதுகுகள் என்றும் வளைந்தே இருக்கவுமில்லை. 1945 அக்டோபரில், போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்த சில வாரங்களிலேயே, தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ 7,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு கேட்டதோடு, இந்தோனீசிய விடுதலைப் போரை அடக்கச் சென்ற டச்சுப் படைகளுக்கான போர்த்தளவாடக் கப்பல்களில் வேலை செய்யவும் மறுத்தனர். அடுத்த நாட்டு மக்களின் விடுதலைக்காகத் தம் கூலியை இழக்கத் துணிந்தவர்களைக் கூழைக்கும்பிடு போட்டவர்கள் என்று பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதற்கு முன்பே இங்குச் சொல்லளவிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. தந்தை பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் பேசினார். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 'சுயமரியாதை' என்னும் சொல் மேடையிலிருந்து தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்றது அந்த ஆண்டுகளில்தான். கூழைக்கும்பிடு என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால், மாணவர்கள் 'திமிர்', 'ஆணவம்' என்று எழுதுகிறார்கள். இல்லை, அதன் எதிர்ச்சொல் சுயமரியாதை. ஆணவத்தின் எதிர்ச்சொல்தான் பணிவு. இந்த இரண்டு இணைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். தஞ்சோங் பகார் சரக்கு முனையம் இடம் மாறிவிட்டது. வட்டாரம் எங்கும் அலுவலகக் கோபுரங்கள். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தாம் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பசி இல்லை; அச்சமும் பெரிதாக இல்லை. ஆயினும் ஆசிரியர் எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்கிறார்கள். நான் வேண்டுமென்றே தவறான விடையைக் கரும்பலகையில் எழுதினாலும், இருபது பேரில் ஒருவரோ இருவரோதான் கை உயர்த்துகிறார்கள். மற்றவர்கள் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இப்பிள்ளைகளைத்தான் 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டுகிறோம்!

இது அடக்கமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அறிந்திருந்தும் ஆரவாரம் செய்யாமல் இருப்பது அடக்கம். தவறென்று தெரிந்தும் மதிப்பெண்ணுக்காகவோ நல்ல பெயருக்காகவோ வாய் திறவாமல் இருப்பது சிறிய அளவில் கூழைக்கும்பிடே. அதைப் பிள்ளைகள் தாமாகக் கற்கவில்லை. எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் பெரியவர்களிடமிருந்து கற்றார்கள்.

"மரபு அப்படித்தானே" என்று சில ஆசிரியர்கள் கூறுவர். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தியார் இயற்றிய நன்னூலைத் திறந்து பாருங்கள். நூல் செய்வோர்க்குரிய மதங்கள் ஏழு என்று அவர் வகுக்கிறார். பிறர் கருத்துக்கு உடன்படுதல் அவற்றுள் ஒன்று மட்டுமே. மறுத்தல் இரண்டாவது. பிறர் கருத்தை ஏற்றுப் பின் நீக்குதல், தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறரோடு சேராமல் தன் கொள்கையில் நிற்றல் என்பவை மற்றவை. ஏழில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஆறை நாம் ஒளித்து வைத்திருக்கிறோம்.

அதே நன்னூல் மாணவனின் கடமைகளைச் சொல்லும்போது, வினவுவதையும் வினவியதற்கு விடை தருவதையும் சேர்த்தே சொல்கிறது. ஆசிரியரிடம் பழகும் முறைக்கு, தீயில் குளிர்காய்பவரைப்போல் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்கவேண்டும் என்கிறது. மன்னரிடம் பழகுவதற்கு வள்ளுவரும் இதே உவமையைத்தான் கூறுகிறார். விலகிப்போனால் ஆணவம், ஒட்டிக்கொண்டால் கூழைக்கும்பிடு. அந்த மாணவன் தேடிய அளவுகோல் நம் இலக்கண நூலிலேயே இருக்கிறது.

எனவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: சொற்பட்டியலில் 'அளவுக்கு மீறிய பணிவு' என்பதை நீக்கி, 'ஆதாயம் கருதிச் செய்யும் மனமற்ற வணக்கம்' என்று எழுதுங்கள். கூடவே ஒரு முழு வாக்கியம் கொடுங்கள். 'பதவி உயர்வுக்காக அவர் மேலாளருக்குக் கூழைக்கும்பிடு போட்டார்' என்பது பொருத்தமான வாக்கியம். 'ஏழை முதியவர் அதிகாரிக்குக் கூழைக்கும்பிடு போட்டார்' என்று எழுதும் மாணவனைத் திருத்துங்கள்; இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் அது அறப்பிழை.

இரண்டு: கடிதம் கற்பிக்கும்போது வாய்பாடுகளைக் கவனியுங்கள். விடுப்பு விண்ணப்பத்தின் கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதச் சொல்லும் வழக்கம் காலனி ஆட்சியின் மனு எழுதும் முறையிலிருந்து வந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளை விடுப்புக் கேட்பதற்குக் கீழ்ப்படிதலை ஏன் அறிக்கையிட வேண்டும்? 'தங்கள் மாணவன்', 'தங்கள் உண்மையுள்ள' என்பவை போதும்.

மூன்று: மரியாதையாக மறுக்கும் தமிழைக் கற்றுக்கொடுங்கள். "நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் எனக்கு ஓர் ஐயம்", "மன்னிக்கவும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன், காரணத்தைச் சொல்லலாமா?" என்பன போன்ற தொடர்களைப் பிள்ளைகள் வாய்விட்டுப் பழகவேண்டும். வாய்மொழித் தேர்வின் உரையாடலுக்கும் இவை உதவும். தேர்வு முடிந்த பின்னும் உதவும். மறுக்கத் தமிழ்ச்சொல் கிடைக்காத பிள்ளை ஆங்கிலத்துக்குத் தாவுகிறது, அல்லது மௌனமாகிறது.

நான்கு: வீட்டில் வணக்கத்தின் காரணத்தைச் சொல்லி வணங்கச் சொல்லுங்கள். "பெரியவர் வந்திருக்கிறார், கும்பிடு" என்பதோடு நிறுத்தாமல், "இவர் தாத்தாவோடு துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்" என்று ஒரு வரி சேருங்கள். காரணம் தெரிந்த பிள்ளையின் கும்பிடில் மனம் தானாக வந்து சேரும். அவர் போனபின் அவரைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். முகத்துக்கு முன் வணக்கம், முதுகுக்குப் பின் ஏளனம் என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தால் போதும். கூழைக்கும்பிடுக்கு வேறு பாடமே வேண்டாம்.

ஐந்து: வீட்டிலும் வகுப்பிலும் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லுங்கள். மாணவர் எழுந்து நின்று வணக்கம் கூறும்போது, வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடியே "உட்காருங்கள்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. இராணுவத்தில்கூட வீரர் வைக்கும் சல்யூட்டை அதிகாரி திருப்பித் தருகிறார். திரும்பி வராத வணக்கத்தை நாள்தோறும் வைத்துப் பழகிய பிள்ளை, வணக்கம் என்பது கீழிருந்து மேலே மட்டும் செல்வது என்றே புரிந்துகொள்ளும்.

நம் பிள்ளைகள் நாளை ஒரு மேலாளரின் முன்னும் நிற்பார்கள். ஒரு துப்புரவுப் பணியாளரின் முன்னும் நிற்பார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி வணக்கம் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தால், நாம் கற்பித்த தமிழ் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.